சினார் சிவக்கும் நாட்கள்



நம் ஊரிலிருந்து காஷ்மீருக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏப்ரல், மே மாதங்களில்தான் போகிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை அப்போதுதான் வருகிறது, இங்கே வெயிலும் வாட்டுகிறது. டுலிப் தோட்டத்தைப் பார்த்து, ஷிகாராப் படகில் ஒரு சுற்றுச் சுற்றி, குல்மார்க்கில் பனியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு தன் முழு அழகோடு இருப்பது அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் மூன்றாம் வாரம் வரைதான் என்பது என் உறுதியான எண்ணம். சினார் மரங்கள் நிறம் மாறி இலை உதிர்க்கும் அந்தப் பருவத்தை அங்கே ‘ஹருத்’ என்கிறார்கள். அந்த நாட்களில் எங்கே போக வேண்டும், எந்த நேரத்தில் போக வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில், போகக் கூடாத இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இலை நிறம் பார்க்க வேண்டும் என்றால் குல்மார்க்குக்கும் சோன்மார்க்குக்கும் ஓடாதீர்கள். மலைவாசஸ்தலம் என்றதும் உயரமாக ஏறிப் போகத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் குல்மார்க் 2,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே சுற்றிலும் ஊசியிலை மரங்கள். அவை ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும். காடு அழகுதான், ஆனால் நாம் தேடி வந்த நிறம் அங்கே இல்லை. நிறமெல்லாம் கீழே, ஸ்ரீநகர் இருக்கும் 1,600 மீட்டர் உயரத்தில், ஆறும் ஏரியும் வயலும் ஊரும் உள்ள சமவெளியில் இருக்கிறது. ஏனென்றால் சினார் கீழ்ப் பள்ளத்தாக்கின் மரம். மனிதர்கள் நட்டு, நிழலுக்காக வளர்த்த மரம்.

நிறம் மாறுவதிலும் ஒரு வரிசை உண்டு. அக்டோபர் தொடக்கத்தில், மரங்கள் முடியும் உயரத்தில் பூர்ஜ மரங்கள் மஞ்சளாகின்றன. பழைய காலத்தில் ஏடு எழுதப் பட்டை தந்த மரம் அது. பிறகு வால்நட் மரங்கள். பிறகு ஆற்றங்கரையில் பாப்லரும் வில்லோவும். சினார் கடைசியில் வருகிறது. அக்டோபர் நடுவில் போய்விட்டு, சினார் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது என்று ஏமாந்து திரும்பியவர்கள் பலர். நவம்பரின் முதல் இரண்டு வாரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சினார் இலையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நம் ஆமணக்கு இலையைப் போல விரல் விரித்த வடிவம். ஐந்து மடல், சிலவற்றில் ஏழு. பெரிய இலை நம் உள்ளங்கையை மறைத்துவிடும். ஒரே இலையில் எல்லா நிறமும் இருக்கும். நரம்பை ஒட்டி இன்னும் பச்சை நிற்கிறது. அதற்கு வெளியே மஞ்சள். ஓரத்தில் துரு நிறமும் சிவப்பும் ஏறியிருக்கிறது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெளிறிப்போயிருக்கிறது. மரத்திலிருந்து விழுந்த அன்று இலை தோல் போல மெத்தென்று இருக்கும். இரண்டு நாள் காய்ந்தால் விரல் பட்டதும் நொறுங்கிவிடும்.

இந்த நிறம் எங்கிருந்து வருகிறது? மஞ்சள் எப்போதும் இலைக்குள் இருப்பதுதான். கோடையில் பச்சையம் அதை மூடி வைத்திருக்கிறது. பகல் குறுகிக் குளிர் வந்ததும் மரம் பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்துகிறது. அதிலுள்ள சத்தைக் கிளைக்கு இழுத்துக்கொள்கிறது. அப்போது மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, அது புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயில் அடித்து, இரவில் குளிர் இறங்கினால், இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து சிவப்பு நிறமி உருவாகிறது. கூடவே இலைக்காம்பின் அடியில் ஒரு மெல்லிய தடுப்பு வளர்ந்து, இலையை மரத்திலிருந்து பிரித்துவிடுகிறது. நவம்பரில் காஷ்மீரின் பகல் தெளிந்த வெயில், இரவு உறைநிலையைத் தொடும் குளிர். சிவப்புக்கு வேண்டியது இதுதான். நம் தெருக்களில் நிற்கும் நாட்டு வாதுமை மரம் இலை கொட்டுவதற்கு முன் சிவப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சினாரில் ஒரு பள்ளத்தாக்கே அப்படி மாறுகிறது.

சரி, இடங்களுக்கு வருவோம். ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் நசீம் பாக் என்பேன். தால் ஏரியின் மேற்குக் கரையில், ஹஸ்ரத்பல் தர்காவுக்குப் பக்கத்தில், காஷ்மீர்ப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. அக்பர் 1586இல் காஷ்மீரைக் கைப்பற்றிய பிறகு அமைத்த தோப்பு என்று சொல்கிறார்கள். இங்கே பூப்பாத்தியும் நீரூற்றும் கிடையாது. நூற்றுக்கணக்கான சினார்கள் மட்டும் வரிசை பிடித்து நிற்கின்றன. நான்கு மூலைக்கு நான்கு மரம் என்று நட்டிருப்பதால் பகலில் எந்நேரமும் நடுவில் நிழல் விழும். அடிமரங்கள் சிலவற்றை நாலைந்து பேர் கைகோத்து நின்றால்தான் வளைக்க முடியும். பட்டை திட்டுத் திட்டாக உரிந்து வெண்சாம்பல் நிறம் தெரியும். காலையில் போங்கள். கிழக்கே ஜபர்வான் மலைக்கு மேல் ஏறிய வெயில் ஏரியைக் கடந்து சாய்வாக உள்ளே வரும்போது, மேலே மஞ்சள், தரையிலும் மஞ்சள். மாணவர்கள் புத்தகத்தோடு இலைக் குவியலில் உட்கார்ந்திருப்பார்கள். பல்கலைக்கழக வளாகம் என்பதால் வாயிலில் கேட்டுக்கொண்டு உள்ளே போவதுதான் முறை.

நிஷாத் தோட்டத்துக்கு நேர்மாறாக மாலையில் போக வேண்டும். அது ஏரியின் கிழக்குக் கரையில், மலையடிவாரத்தில் மேற்குப் பார்த்து இருக்கிறது. காலையில் மலையின் நிழலிலேயே கிடக்கும். மூன்று மணிக்கு மேல் ஏரிக்கு அப்பாலிருந்து வரும் வெயில் இலைகளில் நேராக விழும்போதுதான் சிவப்பு எழும்பும். முகலாய அரசி நூர்ஜஹானின் அண்ணன் ஆசஃப் கான் 1630களில் அமைத்த தோட்டம் இது. பன்னிரண்டு படுகைகள் மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன, நடுவில் வாய்க்கால் இறங்கி வருகிறது. மேல் படுகைக்கு ஏறித் திரும்பிப் பாருங்கள். ஐந்தரை மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும், தாமதிக்காதீர்கள். ஜஹாங்கீர் 1619இல் அமைத்த ஷாலிமார் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கும் பெரிய சினார்கள் உண்டு. ஆனால் ஏரியும் மலையும் மரமும் ஒன்றாகத் தெரிவது நிஷாத்தில்தான்.

எல்லோரும் படம் எடுப்பது தால் ஏரிக்குள் இருக்கும் சார் சினார் தீவை. நான்கு மூலையில் நான்கு சினார் நின்ற சின்னத் தீவு அது. பழைய மரங்களில் சில பட்டுப்போய் இளங்கன்றுகள் வைத்திருக்கிறார்கள். படகுப் பயணத்துக்காகப் போகலாம், இலைக்காகப் போக வேண்டாம்.

ஸ்ரீநகரோடு நின்றுவிடாமல் தெற்கே போக வேண்டும். பிஜ்பெஹாரா என்ற ஊரைச் சினார்களின் ஊர் என்றே அழைக்கிறார்கள். ஷாஜஹானின் மகன் தாரா ஷிக்கோ பெயரில் ஜீலம் நதியின் இரு கரையிலும் அங்கே தோட்டம் இருக்கிறது. சுற்றுலாக் கூட்டம் குறைவு. ஆற்றின் மேல் இலை மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம். இன்னும் தெற்கே அச்சாபல், நூர்ஜஹானோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊற்றுத் தோட்டம். ஊற்று நீர் பெருக்கெடுத்து ஓடும் சத்தமும் மேலே கவிந்த சினாரும் சேர்ந்த அந்த இடம் எனக்கு மிகப் பிடித்தது. வழியில் பாம்போர் இருக்கிறது. அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் அங்கே குங்குமப்பூ பூக்கிறது. மேட்டு நிலத்தில் ஊதாப் பூக்கள், குனிந்து பறித்துக் கூடையில் போடும் குடும்பங்கள். ஒரு பூவில் மூன்றே சிவப்பு இழை. அந்த இழைதான் நாம் கடையில் வாங்கும் குங்குமப்பூ. ஒரு கிலோ சேர ஒன்றரை லட்சம் பூ வேண்டியிருக்கும். இலைக்காகப் போனவர்களுக்கு இது கூடுதல் வரவு.

கால் வலிக்காமல் எல்லாவற்றையும் பார்க்க ஒரு வழி இருக்கிறது. காஷ்மீருக்குள் ஓடும் ரயிலில் ஜன்னலோரம் உட்காருங்கள். பனிஹாலிலிருந்து பாரமுல்லா வரை பள்ளத்தாக்கு நெடுகப் போகிறது. பாப்லர் வரிசை, வில்லோ, ஆப்பிள் தோட்டம், நடுநடுவே ஊர்ப் பொதுவிடத்தில் ஒற்றைச் சினார் என்று ஜன்னலில் மாறி மாறி வரும். 2025 ஜூன் முதல் ஜம்மு பகுதியிலுள்ள கட்ராவிலிருந்தே ஸ்ரீநகருக்கு ரயில் ஓடுகிறது. சென்னையிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் கட்ராவுக்கு நேரடி ரயில் உண்டு. விமானம் ஏறாமலே போய்ச் சேரலாம்.

சினாரை முகலாயர்தான் கொண்டுவந்தார்கள் என்று பல வழிகாட்டிகள் சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள். முகலாயருக்கு முந்தைய, 14ஆம் நூற்றாண்டுப் பெண் ஞானி லல்லேஸ்வரியின் வாக்குகளிலேயே இந்த மரம் வருகிறது. பட்காம் மாவட்டத்துச் சத்தர்காமில் நிற்கும் ஒரு சினார் 1374இல் நடப்பட்டது என்று ஊரார் சொல்கிறார்கள். முகலாயர் செய்தது, ஏற்கெனவே மக்கள் மதித்த மரத்தைத் தோப்பு தோப்பாகப் பெருக்கியது. ஒரு சினார் முழு உருவம் எடுக்க நூறாண்டுக்கு மேல் ஆகிறது. நட்டவர் யாரும் அதன் முழு நிழலில் உட்கார்ந்ததில்லை. நாம் இன்று பார்க்கும் சிவப்பு, முகம் தெரியாத எத்தனையோ பேர் பேரப்பிள்ளைகளுக்காகச் செய்த வேலை. சினாரை வெட்ட அங்கே சட்டத் தடை இருக்கிறது. அப்படியிருந்தும் சாலை அகலமானபோதும் வீடுகள் பெருகியபோதும் பல மரங்கள் போயின. இப்போது மரங்களைக் கணக்கெடுத்து, அடிமரத்தில் சின்ன உலோகத் தகடு பொருத்துகிறார்கள். அதிலுள்ள குறியைக் கைபேசியில் காட்டினால் மரத்தின் சுற்றளவும் இருப்பிடமும் தெரியும். 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் இந்தப் பதிவில் வந்திருக்கின்றன. நல்ல வேலை, மனமாரப் பாராட்ட வேண்டிய வேலை.

உதிர்ந்த இலைக்கும் அங்கே பயன் உண்டு. விளக்குமாற்றால் இலையைக் கூட்டிக் குவித்துத் தீ மூட்டுவார்கள். இலை கறுத்து வரும்போது, சாம்பலாகிவிடாமல் கையால் தண்ணீர் தெளித்து அணைப்பார்கள். ஆறியதும் கரியைச் சாக்கில் கட்டி வைப்பார்கள். குளிர்காலத்தில் காங்க்ரி என்ற, மெல்லிய குச்சிகளால் பின்னிய கூடைக்குள் உள்ள மண்சட்டியில் இந்த இலைக்கரியைப் போட்டு, பெரன் என்னும் நீண்ட அங்கிக்குள் வைத்துக் குளிர்காய்வார்கள். புகை காரணமாக நகரில் இலை எரிப்பதற்குத் தடை வந்திருக்கிறது. கிராமங்களில் இன்னும் நடக்கிறது.

அங்குள்ள விவசாயிக்கு இந்தப் பருவம் கவலையும் தரும் பருவம். 2018இலும் 2019இலும் நவம்பர் முதல் வாரத்திலேயே கனத்த பனி விழுந்தது. ஆப்பிள் மரங்களில் இலை உதிரவில்லை. இலை பனியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, பாரம் தாளாமல் கிளைகள் முறிந்தன, பல ஆண்டு வளர்த்த மரங்கள் இரண்டாகப் பிளந்தன. மஞ்சள் இலையின் மேல் வெண்பனி கிடக்கும் படங்களைப் பார்த்து நாம் மகிழ்வோம். அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் நஷ்டம் இருக்கலாம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலில் பஹல்காமில் தீவிரவாதிகளால் 26 பேர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு பல சுற்றுலா இடங்களை மூடி, படிப்படியாகத் திறந்தார்கள். எனவே எந்த இடம் திறந்திருக்கிறது என்பதைக் கிளம்பும் முன் சுற்றுலாத் துறையிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். படகோட்டியும் விடுதிக்காரரும் வருகிறவர்களை நம்பித்தான் பிழைக்கிறார்கள். நிலைமை சரியாக இருக்கும்போது நாம் போவது அவர்களுக்கு ஆதரவு.

நேயர்களே, தீபாவளி பல ஆண்டுகளில் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோதான் வருகிறது. அந்த விடுமுறையோடு நாலு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், காலையும் இரவும் குளிர் கடுமையாக இருக்கும். மரத்திலிருந்து இலையைப் பறிக்காதீர்கள், அடிமரத்தில் பெயர் செதுக்காதீர்கள். கீழே வேண்டிய மட்டும் இலை கிடக்கிறது, பிள்ளைகளுக்கு அதில் ஒன்று போதும். ஒருமுறை நவம்பரில் போய் வாருங்கள்.