நிற்கத் தெரிந்த கால்கள்



காலில் சக்கரம் கட்டிக்கொண்டு காற்றாய்ப் பறக்க எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இல்லை? நான்கு சக்கரங்கள் ஒரே வரிசையில் பூட்டிய ‘இன்லைன் ஸ்கேட்’ காலணியை நாம் பார்த்திருப்போம். அதைக் கற்றுத் தருபவர் முதலில் வேகத்தைச் சொல்லித் தருவதில்லை. முழங்காலை மடக்கி விழவும், பிறகு நிற்கவும் சொல்லித் தருகிறார். ஒரு காலணியின் குதிகாலில் சிறு ரப்பர் கட்டை இருக்கும். அந்தக் காலை முன்னே நீட்டி, விரல் பக்கத்தை உயர்த்தி, குதிகாலை அழுத்தினால் வேகம் குறையும். ஓடுவது எளிது, நிற்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டிக் கடலோரம் ஜெக்கில் தீவு இருக்கிறது. அங்கே 20 மைலுக்கும் அதிகமாகத் தளம் போட்ட பாதைகள் உண்டு. ஒரு பக்கம் கடற்கரை, மறுபக்கம் சதுப்புநிலம், நடுவே ஓக் மரங்களின் நிழல். சைக்கிளிலும் சக்கரக் காலணியிலும் மக்கள் தீவைச் சுற்றி வருகிறார்கள்.

அதே தீவில்தான், 1858 நவம்பரில், ‘வாண்டரர்’ என்ற கப்பல் வந்து நின்றது. உல்லாசப் பயணத்துக்குக் கட்டிய அந்தக் கப்பலில் ஆப்பிரிக்காவிலிருந்து 400க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக இறக்கினார்கள். அவர்களில் பலர் சிறுவர்கள். வழியிலேயே மாண்டவர்களும் உண்டு. அடிமைகளைக் கொண்டுவருவதை 1808லேயே சட்டம் தடை செய்திருந்தது. வழக்கும் நடந்தது, ஆனால் அந்தக் கடத்தலுக்காக ஒருவருமே தண்டிக்கப்படவில்லை. தீவின் தென்மேற்கே, புனித அந்திரேயாவின் பெயர் தாங்கிய கடற்கரையில், அவர்கள் நினைவாக 2018இல் ஒரு நடைபாதை அமைத்தார்கள். வேகமாகச் செல்பவர்களுக்கு அது மரங்களுக்கிடையே ஒரு திருப்பம். நிற்பவர்களுக்கோ மனசாட்சியின் குரல்.

அன்பர்களே, நல்ல சமாரியர் உவமையை நினைத்துப் பார்ப்போம். குருவும் லேவியரும் அடிபட்டவரைப் பார்க்காமல் இல்லை. பார்த்தார்கள், விலகிப் போனார்கள். அவர்கள் யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. நிற்கவில்லை, அவ்வளவுதான். சமாரியருக்கும் போக வேண்டிய ஊர் இருந்தது. ஆனாலும் அவர் நின்றார். நின்றதால்தான் காயம் கட்ட முடிந்தது.

நம் நாட்டிலும் கொத்தடிமை முறையை 1976லேயே சட்டம் ஒழித்தது. ஆனால் வாங்கிய முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு அடைபட்டு உழைப்போர் இன்றும் இருக்கிறார்கள். சட்டம் எழுதப்பட்டால் மட்டும் போதாது. அருகில் இருப்பவர் நின்று, கேட்டு, உரியவரிடம் சொல்ல வேண்டும். நாம் தினமும் கடந்து போகும் கடையில் வேலை செய்யும் சிறுவன் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று என்றாவது கேட்டிருக்கிறோமா? திருப்பலிக்கு நேரமாகிவிட்டது என்று நாமும் விலகிப் போயிருக்கலாம்.

ஓடக் கூடாது என்பதல்ல. ஓட்டமும் மகிழ்ச்சியும் இறைவன் தந்த கொடைகளே. ஆனால் நிறுத்தத் தெரியாத வேகம் நமக்கும் ஆபத்து, பிறருக்கும் ஆபத்து. இந்த வாரம் ஒரே ஓர் இடத்திலாவது நின்று, ஒருவருடைய பெயரைக் கேட்போம். அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்போம்.

வழியோரம் கிடப்பவரிடம் நின்று பேசும் இதயத்தை இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.