கடல் இருந்த ஊர்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் கடற்கரை கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்!

நம்ப முடியவில்லையா? பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில் குனிந்து பாருங்கள். ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி சுருண்ட கல் கண்ணில் படும். அம்மோனைட் என்கிற கடல் உயிரினம் கல்லானது அது. எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பார்க்க ஆசைப்பட்டால் வாரணவாசியில் அருங்காட்சியகமே இருக்கிறது. சாத்தனூர் கல்மரமும் அந்தக் கடலில் புதைந்த மரம்தான்.

கடல் போய்விட்டது, சுண்ணாம்புக்கல்லை விட்டுவிட்டு. சிப்பியும் சேறும் இறுகிய கல். அரியலூரில் இத்தனை சிமெண்ட் ஆலைகள் வந்தது அதனால்தான். உங்கள் வீட்டுச் சுவரிலும் அந்தப் பழைய கடல் கொஞ்சம் இருக்கலாம்.