படம் போடாத இசைத்தட்டு
(கலை விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



பறையைப் பற்றி நிறையப் பேசினோம். நான் ஒரு அமெரிக்கப் பாடகரைப் பற்றிச் சொல்றேன். பேரு சார்லி பிரைடு. அவர் பாடியது கன்ட்ரி இசை. கிராமத்து வெள்ளைக்காரன் பாட்டுன்னு உலகமே நம்புது. ஆனா அதுல வாசிக்கிற பாஞ்சோ, ஆப்பிரிக்க அடிமைகள் நினைவில் சுமந்து வந்து செய்த கருவி. கருவி கறுப்பனுது, மேடை வெள்ளையனுது. நமக்கு இந்தக் கதை புதுசில்ல.

சார்லி 1934ல் மிசிசிப்பியில் ஸ்லெட்ஜ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வாரத்துக்கு உழுதவர். வீட்டில் 11 பிள்ளைகள், எல்லாரும் பருத்தி எடுக்கணும். ராத்திரி ரேடியோவில் 'கிராண்ட் ஓலே ஓப்ரி' நிகழ்ச்சி கேட்டே பாட்டு படிந்தது. 14 வயசில் கிதார். பருத்திக் காட்டிலிருந்து தப்பிக்க முதலில் பிடித்தது பேஸ்பால். கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய அணிகளில் ஆடினார். பிறகு மொன்டானாவில் உலோகம் உருக்கும் ஆலையில் வேலை, ராத்திரியில் பாட்டு.

1966ல் ஆர்.சி.ஏ. கம்பெனி முதல் இசைத்தட்டை வெளியிட்டது. ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பியபோது அவர் படத்தை அனுப்பல. குரல் வேணும், முகம் வேணாம்.

டெட்ராய்டில் மேடையேறினார். பேரைச் சொன்னதும் கைதட்டல். ஆளைப் பார்த்ததும் அடங்கிப் போச்சு. தன் நிறத்தைத் தானே கேலி பண்ணிச் சிரிக்க வைத்த பிறகுதான் பாட முடிந்தது. வெட்கப்பட வேண்டியவன் யாரு, கூச்சத்தைப் போக்கியவன் யாரு?

1967ல் அதே ஓப்ரி மேடையில் பாடினார். 1971ல் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது. 2020ல் இறந்தார். ஆனா இன்னொருத்தரையும் மறக்கக்கூடாது. அந்த மேடையின் ஆரம்பகால நட்சத்திரம், மௌத்ஆர்கன் வாசித்த டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பர். 1941ல் வெளியேற்றினார்கள். நாஷ்வில்லில் ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தார்.

பிரைடு போராட்டப் பாட்டு பாடலையேன்னு சில தோழர்கள் கேட்கலாம். காதலைத்தான் அதிகம் பாடினார். பாடட்டுமே! அழுகையும் கோபமும் மட்டும்தான் நமக்கு ஒதுக்கப்பட்டதா?

ஒருத்தர் உள்ளே போனதைக் காட்டி, கதவு திறந்திருக்குன்னு சொல்வாங்க. பறையை மேடைக்குக் கூப்பிடுறவங்களிடம் கேளுங்க: அடிக்கிறவர் பேரு நோட்டீசில் இருக்கா?