குருவிக்கும் இடம் வேண்டும், குடிசைக்கும் இடம் வேண்டும்

(சோரியாங்குப்பத்தில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கூலி உயர்வு, மனைப்பட்டா, ரேஷன் என்று பேசக் கூடுகிற இடத்தில் இன்று குருவியையும் தவளையையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "மனுஷனுக்கே இடமில்லை, குருவிக்கு இடம் கேட்கிறார்களே!" என்று சிலர் சிரிக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கே முதலில் பதில் சொல்கிறோம்.

நம்முடைய இடத்தைப் பறித்தது குருவி அல்ல. கடலூர் சாலையின் ஓரங்களைப் பாருங்கள். நெல் விளைந்த நஞ்சையில் கல் நட்டு மனை போட்டு விற்கிறார்கள். அங்கே குருவி அடைந்த வேலியும் போயிற்று, நம் பெண்களுக்கு நடவு வேலையும் போயிற்று. இரண்டையும் விழுங்கிய வாய் ஒன்றே!

பிரெஞ்சு ஆட்சியில், 1826-ல், புதுச்சேரியில் தாவரவியல் பூங்கா அமைந்தது. கவர்னர் மாளிகைக்கு எதிரிலும் பூங்கா உண்டு. ஆலைச் சங்கு கேட்டு ஓடிய தொழிலாளியின் சந்தில் என்ன இருந்தது? நிழலும் பட்சியின் குரலும் வசதி படைத்தவனுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா? இல்லை என்கிறோம்.

பட்சியும் பயிரும்

குருவி தானியம் தின்னும், உண்மை. ஆனால் தன் குஞ்சுக்கு அது ஊட்டுவது புழுவும் பூச்சியும். மக்கள் சீனத்தில் 1958-ல் எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி ஆகிய நான்கையும் ஒழிக்க இயக்கம் நடத்தினார்கள். குருவி குறைந்தது, பயிரைத் தின்னும் பூச்சி பெருகியது. 1960-ல் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி, அந்த இடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம் அது.

கூகையைக் கண்டால் அபசகுனம் என்று கல்லெறிகிறோம். அதன் முக்கிய இரை எலி. நம் தமிழ்த் தொழிலாளர்கள் பாடுபட்ட மலேயா நாட்டின் செம்பனைத் தோட்டங்களில், எலியை அடக்கக் கூகைக்குப் பெட்டி செய்து கம்பத்தில் வைக்கிறார்கள். தவளையும் அப்படியே. அதன் காலை வெட்டி வெளிநாட்டுக்கு ஏற்றிய வியாபாரத்தை இந்திய சர்க்கார் 1987-ல் தடை செய்தது. வயலில் பூச்சி தின்ன ஆள் வேண்டும் என்பது காரணங்களில் ஒன்று.

எளிய மக்கள் செய்து காட்டியது

திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளம் என்று ஓர் ஊர். அங்கே நாரைகள் குளத்தில் மட்டுமல்ல, வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. எச்சமும் நாற்றமும் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஊர் மக்கள் விரட்டுவதில்லை. எச்சம் கலந்த குளத்து மண் அவர்கள் வயலுக்கு உரம். சர்க்கார் 1994-ல் சரணாலயம் என்று அறிவித்தது. அதற்கு முன்பே மக்கள் அதைச் சரணாலயமாக வைத்திருந்தார்கள்.

சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், 2020-ல், தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது. குஞ்சு பறக்கும் வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, ஊரே தெருவிளக்குப் போடாமல் இருட்டில் நடந்தது. பணக்காரர் ஊர் அல்ல அது!

நாம் செய்யக்கூடியது

செலவில்லாமல் செய்யலாம். கொல்லையில் முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, எலுமிச்சை வையுங்கள். குழம்புக்கும் ஆகும், வண்ணத்துப்பூச்சிக்கும் ஆகும். எலுமிச்சை இலையைத் தின்னும் புழுதான் பிறகு பட்டுப்போன்ற இறகோடு பறக்கிறது. வேலிக்கு முள்கம்பி வேண்டாம். நொச்சியும் ஆடாதொடையும் போதும். கோடையில் அகல மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றினால் கொசு வராது. கூரை வீடு போய்க் கான்கிரீட் வீடு வந்ததும் குருவிக்குப் பொந்து இல்லாமல் போயிற்று. ஒரு மரப்பெட்டியில் ஒன்றேகால் அங்குலத் துளை போட்டு இறவாணத்தில் மாட்டினால் அதுவே அதற்கு வீடு.

"புதர் வைத்தால் பாம்பு வருமே?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். பாம்பை வீட்டருகே இழுப்பது பெரும்பாலும் எலி. எலியை இழுப்பது குப்பை. குப்பையை அகற்றுங்கள், சுவரை ஒட்டிப் புதர் விடாதீர்கள், நடைபாதையைச் சுத்தமாக வையுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள்.

நாம் கேட்க வேண்டியது

ஆனால் கொல்லையே இல்லாதவன் எங்கே செடி வைப்பான்? ஆகையால் இது வீட்டு வேலையோடு முடிகிற விஷயமல்ல.

முதலாவதாக, மனையில்லாத ஒவ்வொரு குடும்பத்துக்கும் செடி வைக்கவும் இடமுள்ள மனை வேண்டும். ஏழையைக் குளக்கரையில் தள்ளிவிட்டுப் பிறகு "ஆக்கிரமிப்பாளன்" என்று விரட்டுவதை ஒப்பமாட்டோம்.

இரண்டாவதாக, சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால் கரையிலும், ஏரிக்கரையிலும், ஊர்ப் புறம்போக்கிலும் சீமைக்கருவேலை அகற்றி, பனை, புங்கன், பூவரசு, நாவல் நட வேண்டும். அந்த வேலையை ஊரகத் தொழிலாளருக்கே கூலியோடு கொடுக்க வேண்டும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீரோடு தென்பெண்ணை பெருகி நம் வட்டாரத்தில் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. வேர் பிடித்த கரை எளிதில் அறுந்து போகாது. மொட்டைக்கரை அறுந்து போகும்.

மூன்றாவதாக, 1898-ல் தொடங்கிய ஏ.எப்.டி. ஆலை 2020-ல் மூடப்பட்டது. அந்த நிலம் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளியின் வியர்வை விழுந்த நிலம். அதை மனைத் தரகருக்குக் கூறு போடக்கூடாது. தொழிலாளிக்குச் சேரவேண்டியது சேர வேண்டும். அங்கே வேலை தரும் தொழில் வர வேண்டும். நிற்கும் மரங்கள் நிற்க வேண்டும்.

ஊசுட்டேரியை 2008-ல் புதுச்சேரி சர்க்கார் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தது. நல்லது. ஆனால் பறவை ஏரியில் மட்டும் வாழ்வதில்லை. தெருவிலும் வயலிலும் நம் கூரையிலும் வாழ்கிறது. அங்கே அதைக் காக்கிறவர்கள் நாம்தான்.

தோழர்களே! வருகிற ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு தெருவிலும் ஐந்து பேர் கூடுங்கள். எந்தப் புறம்போக்கு யார் கையில் இருக்கிறது என்று கணக்கெடுங்கள். மனுவும் எழுதுங்கள், குழியும் வெட்டுங்கள். மரம் நட்ட இடத்தைத் தெருவே காவல் காத்தால் அதைப் பறிக்க எவனுக்கும் துணிவு வராது!