சருகுமானைப் பார்த்துச் சிரித்தவர்கள்



தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒருநாள், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றின் முனீஸ்வரர் கோயில் முன்னால் ஒரு புதுக் கார் வந்து நின்றது. நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், சூடம் காட்டினார்கள். வாங்கியது ஒரு பால்வெட்டுக்காரரின் குடும்பம். சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். "மைலோ டின்" என்றார் ஒருவர். "அண்ணே, மேல சாஞ்சிராதீங்க, நசுங்கிரும்" என்றார் இன்னொருவர். நாமும் அந்தக் கூட்டத்தில் நின்றோம். நாமும் சிரித்தோம்.

அந்தக் காரின் பெயர் காஞ்சில். மலாய்க் கதைகளில் புலியையும் முதலையையும் ஏமாற்றும் கெட்டிக்காரச் சருகுமானுக்கு அந்தப் பெயர் உண்டு. தமிழ்க் காதுக்கோ அதில் கஞ்சியும் சேர்ந்து ஒலித்தது. கேலிக்குக் கேட்கவா வேண்டும்! 1985இல் புரோட்டோன் சாகா வந்த பின், நாட்டின் இரண்டாவது கார் நிறுவனமாகப் பெரோடுவா அமைந்தது. ஜப்பானியத் தைஹாட்சு மீராவை அடிப்படையாகக் கொண்டு, 1994 ஆகஸ்டில் அது வெளியிட்ட முதல் கார் இது. மூன்று சிலிண்டர், 660 சி.சி. இன்ஜின். பெரிய மோட்டார் சைக்கிளுக்குப் பொருத்தக்கூடிய அளவுதான். இது நமக்கு அயலூர்ப் பொருளும் அன்று. வட சிலாங்கூரிலேயே, ரவாங்கிற்கு அப்பால் சுங்கை சோவில் உள்ள ஆலையில் செய்யப்பட்டது.

ஏன் சிரித்தோம்? கார் சிறியது என்பதற்காக மட்டுமா? தோட்டத்தில் கார் என்பது எப்போதும் ஒரு பதவியின் அடையாளமாகவே இருந்து வந்தது. துரைக்குக் கார் இருந்தது. பெரிய கிராணிக்கு இருந்தது. டிரசருக்கு இருந்தாலும் இருக்கும். லயத்து வீட்டு வாசலில் சைக்கிள் நிற்கலாம், மிஞ்சினால் ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள். அதில் கணவன், மனைவி, இடையில் இரண்டு பிள்ளைகள். இந்த ஒழுங்கைக் கலைத்துக்கொண்டு லயத்து வாசலுக்கே ஒரு கார் வந்துவிட்டது. கலைந்ததைச் சகிக்க முடியாதபோது மனிதர் கையில் எடுப்பது பெரும்பாலும் கேலிதான். அதைத் துரை செய்யவில்லை, நேயர்களே. பக்கத்து வீட்டுக்காரராகிய நாம்தான் செய்தோம்.

அந்தக் காரை வாங்கிய விதமும் சொல்லத்தக்கது. நாட்கூலி பெறும் தகப்பனாருக்கு வங்கி கடன் கொடுக்குமா? கொடுக்காது. மின்னணுத் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறிப் போய்வந்த மகளின் சம்பளச் சீட்டுத்தான் கடனுக்கு ஆதாரமாயிற்று. முன்பணத்திற்கு அம்மா கூட்டுப் பணம் எடுத்தார். வீட்டில் லைசென்ஸ் இருந்ததோ தம்பி ஒருவருக்குத்தான்.

ஆறு மாதம் சென்றது. நடு இரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. கிள்ளான் பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டும். தோட்டத்து லாரியும் இல்லை, டாக்சியும் இல்லை. மைலோ டின் என்று சொன்னவரே போய் அந்தக் கதவைத் தட்டினார். செம்மண் பாதையில் அது குலுங்கிக்கொண்டு போனதை நாம் பார்த்தோம். அதன் பிறகு தைப்பூசத்திற்குப் பத்துமலை போகவும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கவும் "உங்க காடி கிடைக்குமா?" என்று கேட்காதவர் குறைவு.

நாட்டிலும் காற்று அப்படித்தான் திரும்பியது. 2005இல் மைவி வந்தது. 2006இல் விற்பனையில் பெரோடுவா புரோட்டோனை முந்தியது. 2024இல் மலேசியாவில் விற்ற ஏறத்தாழ 8 இலட்சத்து 16 ஆயிரம் புது வாகனங்களில் 358,102 பெரோடுவாவினுடையவை. இன்று பேராசிரியரும் ஓட்டுகிறார், வழக்கறிஞரும் ஓட்டுகிறார். கேலி ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை, திசை மாறிவிட்டது. அன்று "இது மேடு ஏறுமா?" என்று கேட்டோம். இன்று மைவி நெடுஞ்சாலையில் பறக்கும் வேகத்தைச் சொல்லிச் சிரிக்கிறோம்.

இந்த மாற்றம் தானாக வந்துவிடுவதில்லை. இந்தியாவில் 2009இல் டாட்டா நானோ வெளிவந்தது. ஸ்கூட்டரில் நெருக்கியடித்துச் செல்லும் குடும்பத்திற்காக எண்ணிச் செய்த கார். விலை ஒரு இலட்சம் ரூபாய் என்றார்கள். உலகிலேயே மலிவான கார் என்ற பேச்சே அதற்குச் சுமையாயிற்று. ஏழை என்று எழுதி ஒட்டிக்கொண்டு ஊர்வலம் போக யார் விரும்புவார்? அதை மலிவான கார் என்று விற்றது தவறு என்று ரத்தன் டாட்டாவே பின்னாளில் சொன்னார். காஞ்சிலுக்கு அந்த முத்திரையை நிறுவனம் குத்தவில்லை. நாம்தான் குத்தப் பார்த்தோம். அது ஒட்டவில்லை. எந்த ஊர்ப் பட்டறையிலும் உதிரிப்பாகம் கிடைத்தது, எண்ணெய் குறைவாகக் குடித்தது, பத்தாண்டு கழித்தும் ஓடியது.

ஆனாலும் அன்றைய கேலியில் ஓர் உண்மை இருந்ததை மறைக்கலாகாது. தகடு மெல்லியது, மோதலில் காக்கும் காற்றுப்பை அந்த முதல் காஞ்சில்களில் இல்லை. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளோடு ஒரே சாலையில் அது ஓடிற்று. 2017இல் வந்த மைவி ஆசியான் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது பெரிய முன்னேற்றமே. அதற்காகக் கேள்வி கேட்பதை விட்டுவிடலாமா? 2023 டிசம்பரில், பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு நடந்ததைத் தைஹாட்சு ஒப்புக்கொண்டது. பெரோடுவா வண்டிகளும் அந்த விவகாரத்தில் அடங்கின. வண்டிகள் விதிகளுக்கு உட்பட்டவையே என்று பின்னர் அறிவித்தார்கள். நம்மவர் பலர் அந்தச் செய்தியை முழுதாகப் படிக்கவும் இல்லை. முன்பு காரணமில்லாமல் சிரித்தோம். இப்போது காரணம் கேளாமல் ஒன்பது ஆண்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறோம்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் புறப்பட்ட அந்தக் காஞ்சில் இப்போது ஈஜோக்கில் ஒரு பட்டறையில் நிற்கிறது. அந்த வீட்டுப் பேரன் இன்ஜினைக் கழற்றிப் பரப்பி வைத்திருக்கிறான். பழைய காஞ்சில்களைத் தேடி அலையும் இளைஞர்கள் வந்து விலை கேட்கிறார்களாம். அவன் பாட்டி கொடுக்கக்கூடாதென்று சொல்லிவிட்டார்.