கைகோத்து நிற்கும் ஊதா வளையம்

இன்று ஒரு நிறத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஊதா. கத்தரிப்பூ நிறம் என்று வீட்டில் சொல்வோமே, அதேதான்.

வெயிலைச் சாப்பிடுவது பச்சை இலை, ஊதாவுக்கு அதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். குளத்துச் சேற்றில், காற்றுப் புகாத ஆழத்தில், ஊதா பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மேலே மிதக்கும் பாசியும் இலைகளும் எடுத்துக்கொண்டதுபோக மிச்சம் இறங்கிவரும் ஒளிதான் அவற்றுக்குச் சோறு. அந்த மிச்சத்தையும் சிந்தாமல் பிடிக்க அவை ஒரு கருவி வைத்திருக்கின்றன. 1995-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எக்ஸ் கதிரின் துணையோடு அதன் வடிவத்தைக் கண்டார்கள். 18 பச்சைய மூலக்கூறுகள் ஒரு வளையமாக நிற்கின்றன. பக்கத்திலேயே 9 மூலக்கூறுகள் இன்னொரு வளையமாக நிற்கின்றன. அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்த அன்று நெடுநேரம் நான் பக்கத்தைத் திருப்பவேயில்லை.

ஏன் வளையம்? ஒரு பச்சைய மூலக்கூறு ஒளியை வாங்கியதும் அந்த ஆற்றலைப் பக்கத்து மூலக்கூறிடம் கொடுக்கும். அது அடுத்ததிடம் கொடுக்கும். ஒரு வினாடியை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குக்குப் பெயர் பிகோ வினாடி. 9 மூலக்கூறு வளையத்திலிருந்து 18 மூலக்கூறு வளையத்துக்கு ஆற்றல் தாவ ஏறக்குறைய ஒரு பிகோ வினாடி போதும். வரிசையாக நின்றால் கடைசி ஆளிடம் போய் ஆற்றல் முட்டி நின்றுவிடும். வளையத்தில் கடைசி ஆள் கிடையாது. எந்தப் பக்கம் அடுத்த வளையம் இருந்தாலும் அந்தப் பக்கமாக ஆற்றலைக் கைமாற்றலாம்.

இதை மனிதர் கையால் செய்ய முடியுமா என்பதுதான் எங்களைப் போன்ற வேதியியல்காரர்களைத் தூங்கவிடாத கேள்வி. பச்சையம் செய்வது கடினம். அதன் உறவினரான போர்ஃபிரின் செய்வது எளிது. நம் ரத்தத்தைச் சிவப்பாக்குவதும் அந்தக் குடும்பம்தான். நடுவில் இரும்பு உட்கார்ந்தால் ரத்தம், மக்னீசியம் உட்கார்ந்தால் இலை. நாங்கள் துத்தநாகத்தை உட்கார வைக்கிறோம்.

செய்முறையைச் சொல்லாமல் எனக்குப் பேச்சு நகராது, பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் காய்ச்சி வடித்த பிரோலையும், பாதாம் மணக்கும் பென்சால்டிஹைடையும் புரோப்பியோனிக் அமிலத்தில் அரை மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். குடுவைக்குள் தார் போலக் கறுத்துவிடும். முதல் தடவை செய்த மாணவி, "சார், கருகிப்போச்சு" என்று கலங்கி நின்றாள். ஆறவிடு என்றேன். ஆறியபின் வடிகட்டி, மெத்தனால் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்தாள். கறுப்பு முழுவதும் கரைந்து ஓடியபின் வடிதாளில் மின்னியது கத்தரிப்பூ நிறத்தில் பொடிப்பொடிப் படிகம். போட்ட சரக்கில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். ஆனாலும் அந்த மினுக்கைப் பார்த்தவர்கள் இந்த வேலையை விட்டுப் போக மாட்டார்கள்.

இனி வளையம். ஜப்பானின் நாரா மாகாணத்தில் யோஷியாகி கொபுகே என்ற பேராசிரியர் ஓர் அழகான வழி கண்டார். போர்ஃபிரினின் ஓரத்தில் இமிடசோல் என்ற சிறு கையை ஒட்டினார். இதன் கை அதன் துத்தநாகத்தைப் பிடிக்கும். அதன் கை இதன் துத்தநாகத்தைப் பிடிக்கும். கும்மியடிக்கப் பெண்கள் வட்டம் கூடுகிறார்களே, யாரும் யாரையும் கயிற்றால் கட்டுவதில்லை அல்லவா? அதுபோல, வேண்டுமானால் விட்டுப் பிடிக்கக்கூடிய பிடி இது. இப்படிப்பட்ட இரட்டைப் போர்ஃபிரின்களைக் கூரைச் சரிவு போலச் சாய்த்து இணைத்து, ஐந்து அல்லது ஆறு சேர்ந்தால் வட்டம் மூடும்படி செய்தார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதைத் திரும்பச் செய்தபோது முதலில் வளையம் வரவில்லை. கரைசல் அடர்த்தியாக இருந்ததால், கை நீட்டிய திசையிலெல்லாம் யாரோ ஒருவர் அகப்பட, சங்கிலி நீண்டுகொண்டே போனது. பிறகு குளோரோஃபார்மை நிறைய ஊற்றி நீர்க்கச் செய்து, பிடி தளரக் கொஞ்சம் மெத்தனாலும் சேர்த்து வைத்தோம். அதன்பின் சூடு காட்டாமல் கரைப்பானை மெல்ல ஆவியாக்கினோம். நெரிசல் இல்லாத இடத்தில் சங்கிலிகள் அவிழ்ந்து, கடைசிக் கை முதல் ஆளைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவியில், முன்பு மேடாகப் பரந்து கிடந்த கோடு ஊசி முனையாக எழுந்தது. நாங்கள் யாரும் வட்டத்தைக் கட்டவில்லை, நேயர்களே. இடம் கொடுத்தோம், அவ்வளவுதான்.

இந்த வளையங்களிலும் ஆற்றல் ஒரு சில பிகோ வினாடிகளில் ஆளுக்கு ஆள் தாவுவதை லேசர் கொண்டு அளந்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஹாரி ஆண்டர்சன் குழு கார்பன் பிணைப்பாலேயே இறுக்கிச் செய்த 6 போர்ஃபிரின், 12 போர்ஃபிரின் வளையங்களைப் பற்றித் தனியாகவே ஒருநாள் பேச வேண்டும், இன்று நேரமில்லை. ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன்: நாம் செய்த வளையம் ஒளியைப் பிடிக்கிறது, சுற்றுகிறது, ஆனால் பாக்டீரியாவைப் போல அதை உணவாக்கத் தெரியாது. அந்தக் கடைசிப் படியை ஏறப்போகிறவர் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம் என்று நம்புகிறேன்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலை. குளத்துச் சேற்றோடு கிழித்த செய்தித்தாள், முட்டை மஞ்சள் கரு, பொடித்த முட்டை ஓடு கலந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் போடு. மேலே குளத்து நீர் ஊற்றி, லேசாக மூடி, சுள்ளென்று வெயில் படாத ஜன்னலோரம் வை. ரஷ்ய நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி 1880-களில் கண்ட முறை இது. சில வாரங்களில் சேற்றில் ஊதாத் திட்டுகள் தென்பட்டால், எந்த ஆழத்தில் என்று அளந்து குறித்து வை.