நூலும் ஆண்டும்



ஒரு நூலை மேற்கோள் காட்டுவோர் ஆசிரியர் பெயர், நூற்பெயர், வெளியான ஆண்டு ஆகியவற்றைக் குறித்தல் மரபு. இவற்றுள் ஆண்டைக் குறிப்பதே எளிது என்று பலரும் எண்ணக் கண்டிருக்கிறேன். ஜப்பானிய நூற்பட்டியலை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் அவ்வாறு எண்ணார்.

ஜப்பானிய நூலின் இறுதியில் பதிப்பு விவரம் தாங்கிய பக்கம் ஒன்று உண்டு. அதனை 'ஒகுசுக்கே' என்பர். அதில் 'ஷோவா 35ஆம் ஆண்டு, 5ஆம் திங்கள், 10ஆம் நாள்' என்றிருப்பதாகக் கொள்வோம். ஷோவா என்பது பேரரசர் ஒருவரின் ஆட்சிக்காலப் பெயர். மேஜி, தைஷோ, ஷோவா, ஹெய்செய், ரெய்வா என 1868 முதல் ஐந்து பெயர்கள் வழங்கியுள்ளன. ஷோவா ஆண்டுடன் 1925ஐக் கூட்டினால் 1960 கிடைக்கும். மேஜி ஆயின் 1867ஐக் கூட்டவேண்டும். மேஜி 35 என்பது 1902. காலப்பெயரை விடுத்து எண்ணை மட்டும் எழுதினால் படிப்பவர் மயங்குவர் அன்றோ?

கூட்டல் மட்டும் போதுமோ? போதாது. 1926 டிசம்பர் 25இல் தைஷோ 15 முடிந்து ஷோவா முதலாண்டு பிறந்தது. அது ஏழே நாளில் நிறைவுற்றது. ஆகவே தைஷோ 15, ஷோவா 1 என்னும் இரண்டும் 1926ஐயே குறிக்கும்.

1873இல்தான் ஜப்பான் மேனாட்டு நாட்காட்டியை ஏற்றது. அதற்கு முந்திய தேதிகள் சந்திரனைத் தழுவியவை. தம் தலைவனுக்காகப் பழிவாங்கிய 47 வீரரின் வரலாறு புகழ்பெற்றது. அது நிகழ்ந்தது கென்ரோக்கு 15, பன்னிரண்டாம் திங்கள், 14ஆம் நாள். கென்ரோக்கு 15ஐப் பொதுவாக 1702 என்பர். அந்நாளோ 1703 சனவரி 30 ஆகும். ஆண்டிறுதியில் வெளியான பழைய நூல்களுக்கும் இந்நிலை நேரும்.

ஆதலின், '1960 (ஷோவா 35)' என இரண்டையும் எழுதுதல் நலம். திங்களை எண்ணால் குறியாது பெயரால் குறிக்க. 5-10-1960 என்பது ஆங்கிலேயருக்கு அக்டோபர் 5. அமெரிக்கருக்கு மே 10. ஒகுசுக்கேயில் முதற்பதிப்பின் தேதியும் மறு அச்சின் தேதியும் அடுத்தடுத்து இருக்கக்கூடும். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளற்க.

இத்துணைக் கவனம் எதற்கு? ஒரு கருத்தை இருவர் எழுதியிருப்பின், முன்னவர் யார் என்பதை ஆண்டே தீர்மானிக்கிறது. அது பிழைபட்டால், முதலில் கண்டவர் பிறரைப் பார்த்து எழுதியவர் ஆகிவிடுவார். மறைந்த ஆசிரியர் எழுந்து வந்து முறையிட முடியாது. அவருக்குரிய நீதி பட்டியல் எழுதும் உங்கள் கையில் இருக்கிறது.